தண்ணீர் நிற்காமல் பார்த்துக்கொள்பவர்கள்

அலாஸ்காவின் தென்கரையில் பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் என்று ஒரு பெரிய உள்கடல் இருக்கிறது. சுற்றிலும் மலைகளும் பனியாறுகளும், தெற்கே பசிபிக் பெருங்கடல். அந்த உள்கடலின் தென்மேற்கு ஓரத்தில் எவன்ஸ் தீவு. தீவின் ஒரு மடிப்பில் சாமில் விரிகுடா. அங்கே ஆர்மின் எஃப். கோர்னிக் பொரிப்பகம் என்ற பெயரில் சால்மன் மீன்களுக்கான ஒரு பொரிப்பகம் இருக்கிறது. நம் கடலோரத்தில் இறால் குஞ்சு பொரிக்கும் இடத்தை ‘ஹேச்சரி’ என்பார்களே, மீனுக்கு அப்படி ஓர் இடம். அங்கே போகச் சாலை கிடையாது. படகில் போகலாம், இல்லையென்றால் தண்ணீரில் இறங்கும் சிறு விமானத்தில் போகலாம். வானிலை சரியில்லை என்றால் இரண்டும் கிடையாது. அருகில் இருக்கும் ஒரே ஊர் செனீகா. 1964 நிலநடுக்கத்தின் ஆழிப்பேரலையில் அழிந்துபோன ஒரு பழங்குடிக் கிராமம், இருபது ஆண்டுகள் கழித்து இந்தத் தீவில் மறுபடி குடியேறிய சின்னஞ்சிறிய ஊர்.

இப்படிப்பட்ட இடத்தில் சிலர் வருடம் முழுக்க வாழ்ந்து, கோடிக்கணக்கான மீன்குஞ்சுகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். ஏன் இவ்வளவு தொலைவில்? ஊருக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை போட்டு இந்த வேலையைச் செய்ய முடியாதா? தேநீர் ஆறுவதற்குள் பதில் சொல்லிவிடலாம் என்று தோன்றும். ஆனால் சரியான பதிலுக்கு, மீனின் வாழ்க்கையை முட்டையிலிருந்து திரும்பி வரும் நாள்வரை ஒரு சுற்று நடந்து பார்க்க வேண்டியிருக்கிறது. நடப்போம்.

புறப்படும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. பொரிப்பகம் என்றதும் நம்மில் பெரும்பாலோர் மனதில் வருவது மீன் பண்ணை: கடலில் மிதக்கும் வலைக்கூண்டுகள், அவற்றுக்குள் நெருக்கமாக மீன்கள், தினமும் தீவனம், எடை வந்ததும் பிடித்து விற்பனை. நார்வேயிலும் சிலியிலும் சால்மன் அப்படித்தான் வளர்கிறது. நம் பெருநகரக் கடைகளில் ஐஸ் மேல் வைத்து விற்கும் ஆரஞ்சு நிறத் துண்டுகளும் பெரும்பாலும் அப்படி வளர்ந்தவைதான். அதனால் அலாஸ்காவில் பொரிப்பகம் இருக்கிறது என்று கேட்டவுடன், அங்கும் இதுதான் நடக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். அமெரிக்கர்களிலேயே பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

அலாஸ்காவில் சால்மன் பண்ணை வைப்பது சட்டப்படி குற்றம். துடுப்புள்ள எந்த மீனையும் விற்பனைக்காகக் கூண்டில் வளர்ப்பதை 1990இல் அந்த மாநிலம் தடை செய்துவிட்டது. பொரிப்பகம் செய்வது ஏறக்குறைய அதற்கு நேர்மாறான வேலை. முட்டையிலிருந்து சிறு குஞ்சுப் பருவம் வரை, சில மாதங்கள் மட்டும் பாதுகாக்கிறது. பிறகு வாசலைத் திறந்து பசிபிக்கில் விட்டுவிடுகிறது. விட்ட கணத்திலிருந்து அந்தக் குஞ்சு யாருக்கும் சொந்தமில்லை. அது என்ன தின்கிறது, எங்கே போகிறது, யாருக்கு இரையாகிறது என்பதெல்லாம் கடலின் கையில். திரும்பி வந்தால், வழியில் வலை போட்டிருக்கும் எந்த உரிமம் பெற்ற மீனவரும் பிடித்துக்கொள்ளலாம். இயற்கை நிலையில் உள்ள மீனும் நீரும் எல்லா மக்களுக்கும் பொது என்று அந்த மாநிலத்தின் அரசியல் சட்டமே சொல்கிறது.

இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். பண்ணைக்காரருக்கு மீன் கூண்டில் இருக்கிறது. அவர் கவலை தீவனமும் நோயும். பொரிப்பகக்காரருக்கு மீன் கையில் இருப்பது சில மாதங்கள்தான். அவர் கவலை இரண்டு. கையில் இருக்கும்வரை சாகாமல் பார்த்துக்கொள்வது ஒன்று. விட்ட மீன் சரியான இடத்துக்குத் திரும்பி வருவது மற்றொன்று. அந்த இடம் ஏன் அவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதற்கான விடை இந்த இரண்டிலும்தான் இருக்கிறது.

இது ஏன் தேவைப்பட்டது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1964 மார்ச் 27 அன்று 9.2 அளவில் ஒரு நிலநடுக்கம். பிரின்ஸ் வில்லியம் சவுண்டில் கடற்கரை சில இடங்களில் பல மீட்டர் மேலே எழும்பிவிட்டது. அங்குள்ள பிங்க் சால்மன் என்ற வகை, ஓடைகளின் வாய்ப்பகுதியில், அலை வந்துபோகும் சரளைக்கல்லில் முட்டையிடும் பழக்கமுள்ளது. கரை எழும்பியதும் பல முட்டையிடும் இடங்கள் கெட்டுப்போயின. 1970களின் தொடக்கத்தில் மாநிலம் முழுவதும் சால்மன் வரத்து வீழ்ந்தது. மீன்பிடிப்பையே வாழ்வாகக் கொண்ட கார்டோவா ஊர்க்காரர்கள், அரசுக்காகக் காத்திருக்காமல் 1974இல் லாப நோக்கமற்ற ஒரு மீன்வளர்ப்புக் கழகத்தைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு அதற்கு இடமளிக்கும் சட்டமும் வந்தது. சாமில் விரிகுடாவில் கைவிடப்பட்ட ஒரு பழைய மீன் டின் தொழிற்சாலை இருந்தது. அங்கேயே முதல் பொரிப்பகத்தை அமைத்தார்கள். பொரிப்பகத்தின் பெயரில் இருக்கும் கோர்னிக் அந்த மீனவர்களில் ஒருவர்.

இப்போது முட்டைக்கு வருவோம்.

ஆகஸ்ட் பாதியிலிருந்து செப்டம்பர் பாதிவரை சினை எடுக்கும் காலம். பிங்க் சால்மன் திரும்பி வரும்போது ஆண் மீனின் முதுகில் பெரிய கூனல் விழுந்திருக்கும். அதனால் அங்குள்ளவர்கள் அதை ‘ஹம்பி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒரு பெண் மீனில் 1,500 முதல் 2,000 முட்டைகள். கோர்னிக் பொரிப்பகம் போன்ற ஓர் இடம் ஒரு பருவத்தில் 15 கோடிக்கும் மேல் முட்டை எடுக்க வேண்டியிருக்கிறது. கணக்குப் போட்டால், ஒரு லட்சத்தை நெருங்கும் எண்ணிக்கையில் பெண் மீன்களை மனிதக் கைகள் ஒவ்வொன்றாக அறுத்தாக வேண்டும், சில வாரங்களுக்குள். அதற்காகத்தான் இந்தக் காலத்தில் மட்டும் நிறையப் பருவகாலத் தொழிலாளர்கள் வந்து சேர்கிறார்கள். தங்குமிடமும் சாப்பாடும் பொரிப்பகத்துடையது. ரப்பர் அங்கி, முழங்கால் பூட்ஸ், நாள் முழுக்க நின்றபடி வேலை, ஓயாத மழை. சினையின் பிசுபிசுப்பு தலைமுடிவரை ஏறும். விரல்கள் குளிரில் மரத்துப்போகும். அப்படிப்பட்ட வேலையை விரும்பி, ஆண்டுதோறும் திரும்பி வருபவர்களும் இருக்கிறார்கள்.

முட்டையையும் ஆண் மீனின் விந்தையும் சேர்ப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மீன் தண்ணீரில் வாழ்வதால், தண்ணீரில்தான் சேர்க்க வேண்டும் என்று நினைப்போம். உண்மையில் முதலில் தண்ணீர் படவே கூடாது. தண்ணீர் பட்டதும் விந்தணுக்கள் விழித்துக்கொண்டு நீந்தத் தொடங்கும், ஆனால் ஒரு நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்காது. முட்டையும் தண்ணீரை உறிஞ்சி, விந்தணு நுழையும் நுண்ணிய துளையை மூடிக்கொண்டுவிடும். அதனால் உலர்ந்த வாளியில் இரண்டையும் கலந்துவிட்டு, பிறகே தண்ணீர் ஊற்றுகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ரஷ்யாவில் வ்ராஸ்கி என்பவர் கண்டுபிடித்த முறை இது. இன்றுவரை இதைவிடச் சிறந்த வழி வரவில்லை. முட்டைகள் நீரை உறிஞ்சி விறைக்கும் நேரத்தில் அயோடின் கலந்த கிருமிநாசினியில் கழுவி, அடைகாப்புப் பெட்டிகளுக்குள் வைக்கிறார்கள். இருட்டு வேண்டும், அசைவு கூடாது, தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சினை எடுத்த மறுநாளிலிருந்து சில வாரங்களுக்கு முட்டை மிக மென்மையானது. ஒரு குலுக்கல் போதும், செத்துவிடும்.

எத்தனை நாளில் பொரிக்கும்? அங்கே யாரும் நாளை எண்ணுவதில்லை, சூட்டை எண்ணுகிறார்கள். ஓர் உண்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும், அன்றைய தண்ணீர் எத்தனை டிகிரி செல்சியஸோ அத்தனை காசை அதில் போடுங்கள். தண்ணீர் 8 டிகிரி என்றால் எட்டுக் காசு, 3 டிகிரி என்றால் மூன்று காசு. 500, 600 காசு சேரும்போது குஞ்சு பொரிக்கும். 900, 1,000 காசு சேரும்போது அது வயிற்றில் தொங்கும் மஞ்சள்கருப் பையைத் தின்று முடித்து, நீந்தத் தயாராகிவிடும். இதை வெப்ப அலகு என்கிறார்கள். இலையுதிர்காலத்தில் உண்டியல் வேகமாக நிறையும், குளிர்காலத்தில் ஊர்ந்து ஊர்ந்து நிறையும். ஆழமான தண்ணீரையோ மேல்மட்டத் தண்ணீரையோ எடுக்க வசதியிருந்தால், குஞ்சு எப்போது தயாராகும் என்பதைச் சிறிது முன்பின்னாகத் தள்ளவும் முடியும். அது ஏன் முக்கியம் என்பதைப் பிறகு பார்ப்போம்.

நடுவில் ஒரு நாள், முட்டைக்குள் இரண்டு கருப்புப் புள்ளிகள் தெரியும். அவை குஞ்சின் கண்கள். கண் தெரிந்துவிட்டால் முட்டை உறுதியாகிவிட்டது என்று பொருள். அப்போது பொரிப்பகக்காரர்கள் பார்ப்பதற்கு விபரீதமான ஒரு காரியம் செய்கிறார்கள். முட்டைகளை ஒரு குழாய் வழியாக இன்னொரு தொட்டிக்குள் வேண்டுமென்றே விழவைத்து அதிர்ச்சி கொடுக்கிறார்கள். உயிருள்ள முட்டைக்கு ஒன்றும் ஆகாது. கரு இல்லாத முட்டை உள்ளுக்குள் உடைந்து, பாலைப்போல வெளுத்துவிடும். ஒளியை வைத்து நிறம் பார்க்கும் ஒரு கருவி வெள்ளை முட்டைகளைத் தனியே தள்ளிவிடும். செத்த முட்டையை அப்படியே விட்டால் அதில் பூஞ்சை பிடித்துப் பக்கத்து முட்டைகளையும் மூடிவிடும்.

பொரித்த குஞ்சுக்கு இன்னொரு கவனிப்பும் வேண்டியிருக்கிறது. மஞ்சள்கருப் பையோடு இருக்கும் குஞ்சால் நேராக நிற்க முடியாது. வழவழப்பான தட்டில் விட்டால், நிலைகொள்ள முடியாமல் துடித்துத் துடித்துத் தன் சேமிப்பையெல்லாம் அசைவிலேயே செலவழித்துவிடும். ஆற்றில் சரளைக்கல் அதைத் தாங்கிக்கொள்கிறது. பொரிப்பகத்தில் அந்த இடத்தில் பிளாஸ்டிக் துண்டுகளையோ செயற்கைப் புல்விரிப்பையோ போடுகிறார்கள். அவற்றின் இடுக்கில் அசையாமல் சாய்ந்திருக்கும் குஞ்சு பெரிதாக வெளியே வரும். இவ்வளவு எளிய விஷயம் ஒரு குஞ்சின் எடையையே மாற்றிவிடுகிறது என்பது எனக்குத் தீராத ஆச்சரியம்.

காட்டு ஓடையில் இடப்படும் முட்டைகளில் பத்தில் ஒன்றுகூடக் குஞ்சாவது அரிது. வெள்ளம் அடித்துப்போகும், தரை உறைந்துபோகும், பின்னால் வரும் மீன் அதே இடத்தைத் தோண்டி முன்னதன் முட்டையைக் கிளறிவிடும். பொரிப்பகத்தில் பத்தில் ஒன்பதை ஒட்டிப் பிழைக்கின்றன. பொரிப்பகம் செய்யும் உதவி மொத்தமும் இந்த ஒரு வேறுபாட்டில்தான் இருக்கிறது. இதற்கு விலையாக, அந்த ஆறேழு மாதங்களும் தண்ணீர் ஒரு கணம்கூட நிற்கக்கூடாது. முட்டையும் குஞ்சும் ஓடும் நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனில்தான் வாழ்கின்றன. கோடிக்கணக்கில் நெருக்கமாக இருக்கும் இடத்தில் ஓட்டம் நின்றால், சிறிது நேரத்திலேயே ஒரு வருட உழைப்பு போய்விடும்.

தொலைவுக்கான முதல் காரணம் இங்கே தெரிகிறது. பம்பை நம்பி இவ்வளவு உயிரை வைக்க முடியாது. மலைமேல் ஓர் ஏரி வேண்டும், அதிலிருந்து தண்ணீர் தானாகச் சரிந்து வர வேண்டும். அது குளிர்ந்ததாகவும் தூய்மையாகவும் இருக்க வேண்டும். வந்து கலக்கும் கடல் ஆழமாக, காற்றடிக்கு ஒதுங்கியதாக இருக்க வேண்டும். அதே சவுண்டின் வடக்கில் எஸ்தர் தீவில் இருக்கும் பொரிப்பகம் எஸ்தர் ஏரியின் கீழே அமைந்ததற்கு இதுதான் காரணம். இப்படிப்பட்ட ஏரியும் விரிகுடாவும் ஒன்றாகக் கிடைக்கும் இடத்துக்கு மனிதர்கள்தான் போக வேண்டும்.

அங்கே போய் வாழ்பவர்களின் குளிர்காலம் எப்படியிருக்கும்? பருவத் தொழிலாளர்கள் கிளம்பியபின் ஒரு கைப்பிடி ஆட்கள் மிஞ்சுவார்கள்: மேலாளர், குஞ்சுகளைக் கவனிப்பவர்கள், எந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். சிலருக்குக் குடும்பமும் உடனிருக்கும், பிள்ளைகள் வீட்டிலேயே தபால்வழிப் பாடம் படிப்பார்கள். டிசம்பர் கடைசியில் பகல் ஆறு மணி நேரத்தை ஒட்டியதுதான். பனி கொட்டும் அளவு நமக்குக் கற்பனைக்கு எட்டாதது. இதே சவுண்டின் வால்டீஸ் ஊரில் ஓர் ஆண்டில் சராசரியாக 7 மீட்டருக்கும் மேல் விழுகிறது. 2012 ஜனவரியில் கார்டோவாவில் கூரைகளிலிருந்து பனியை அள்ளித்தள்ள தேசியக் காவற்படையே வர வேண்டியிருந்தது. பொரிப்பகத்துக்கு யார் வருவார்கள்? கணக்காளரோ உயிரியல் படித்தவரோ, எல்லோரும் மண்வெட்டியை எடுக்க வேண்டியதுதான்.

மளிகை, தபால், மருந்து எல்லாம் விமானத்திலோ படகிலோ வரும், வானிலை விட்டால். அதனால் பெரிய உறைபெட்டிகளும் நிறைந்த சரக்கறையும் இல்லாமல் அங்கே காலம் தள்ள முடியாது. பல் வலித்தால்கூட ஒரு விமானப் பயணம். தனிமைதான் பெரிய கஷ்டம் என்று வெளியிலிருந்து பார்க்கும் நமக்குத் தோன்றும். எனக்குத் தோன்றுவது வேறு. அதே பத்துப் பேரோடு வேலை செய்து, அதே பத்துப் பேரோடு சாப்பிட்டு, மனஸ்தாபம் வந்தாலும் மறுநாள் காலை அதே குழாயடியில் நிற்க வேண்டும் என்பதுதான் கடினம். இதற்கு வேலைத்திறமை மட்டும் போதாது, குணமும் வேண்டும்.

இரவுக் காவல் முறைவைத்து வரும். ஒவ்வொரு குழாயின் ஓட்டத்துக்கும் தொட்டியின் மட்டத்துக்கும் அலாரம் உண்டு. முறைக்காரர் தலைமாட்டில் அது கத்தும். ஏரியின் வாய்க்கட்டில் இலையோ பனிக்கூழோ அடைத்திருக்கலாம், பனிச்சரிவு குழாயை நெளித்திருக்கலாம், மின்சாரம் போயிருக்கலாம். மின்சாரமும் வெளியிலிருந்து வருவதில்லை. டீசல் எந்திரமோ, பல இடங்களில் அதே தண்ணீர்க் குழாயில் ஓடும் சிறு நீர்மின் சுழலியோதான். நள்ளிரவில் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு பனிக்குள் இறங்கி அடைப்பை எடுப்பது அந்த வேலையில் சாதாரணம். முறையில்லாத நாளிலும் எல்லோரும் ஒன்றாக எங்கும் போய்விட முடியாது. யாராவது ஒருவர் எப்போதும் தண்ணீரோடு இருந்தாக வேண்டும்.

அந்தக் குளிர்காலத்தில்தான், அசையாமல் கிடக்கும் முட்டைகளுக்கும் குஞ்சுகளுக்கும் ஓர் அடையாளம் போடுகிறார்கள். கோடிக்கணக்கான குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் குறி போட முடியுமா? தொடாமலே போடுகிறார்கள். மீனின் காதுக்குள் செவிக்கல் என்று ஒரு சிறு கல் இருக்கிறது. அது நாள்தோறும் படலம் படலமாக வளரும். தண்ணீரின் வெப்பத்தைச் சில டிகிரி மாற்றிவிட்டால், அந்தச் சமயத்துப் படலத்தில் ஒரு கருமையான வளையம் விழும். எத்தனை வளையம், எவ்வளவு இடைவெளி என்று ஒவ்வொரு பொரிப்பகத்துக்கும் ஒரு முறை ஒதுக்கப்பட்டிருக்கிறது. பிறகு அந்த மீன் வளர்ந்து எங்காவது பிடிபட்டால், செவிக்கல்லை எடுத்துத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தால் போதும். எந்தப் பொரிப்பகத்தில் எந்த வருடம் பிறந்தது, அல்லது எந்த வளையமும் இல்லாத காட்டு மீனா என்று தெரிந்துவிடும். வலையில் விழும் மீனில் காட்டு மீன் எவ்வளவு என்று அறிந்துதான், எந்தப் பகுதியில் மீன்பிடிப்பை நிறுத்த வேண்டும் என்று மாநில அதிகாரிகள் முடிவு செய்கிறார்கள்.

மார்ச் கடைசியில் குஞ்சுகள் தாமாகவே வெளியேறத் தொடங்கும், பெரும்பாலும் இரவில். கால் கிராம்தான் எடை. பிங்க் சால்மனுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. கோஹோ போன்ற வகைகள் ஒரு வருடத்துக்கு மேல் நன்னீரிலேயே வளர வேண்டும். பிங்க் குஞ்சோ நீந்தத் தொடங்கியதுமே உப்புநீருக்குத் தயார். குழாய் வழியாக நேரே கடலில் மிதக்கும் வலைக்கூண்டுகளுக்குப் போகின்றன. அங்கே சில வாரங்கள் தீவனம். படங்களில் இந்தக் கூண்டுகளைப் பார்த்துத்தான் பலரும் பண்ணை என்று நினைத்துவிடுகிறார்கள். இது வழியில் ஒரு தங்கல் மட்டுமே. கடலில் மிதவை உயிரிகள் பெருகும் நாளுக்காகக் காத்திருக்கிறார்கள். நுண்வலையை இழுத்து, அதில் சேர்வதை அளந்து பார்ப்பார்கள். உணவு பெருகிவிட்டது என்று தெரிந்ததும் கூண்டைத் திறந்துவிடுகிறார்கள். முன்னதாக விட்டால் பட்டினி. பிந்தினால் அந்த விருந்து முடிந்திருக்கும். உண்டியல் கணக்கு அவ்வளவு கவனமாக வைக்கப்பட்டதற்குக் காரணம் இதுதான்.

1989 மார்ச் 24 அன்று, இதே பருவத்தில், எக்ஸான் வால்டீஸ் என்ற எண்ணெய்க் கப்பல் பிளை பாறைத்திட்டில் மோதி, 4 கோடி லிட்டரை ஒட்டிய கச்சா எண்ணெயை இந்த உள்கடலில் கொட்டியது. குஞ்சுகள் கடலுக்கு இறங்கத் தொடங்கும் நேரம், எண்ணெய் தென்மேற்காகச் சாமில் விரிகுடாவை நோக்கி நகர்ந்தது. கார்டோவா மீனவர்கள் தங்கள் சொந்தப் படகுகளோடு கிளம்பினார்கள். ‘கொசுப்படை’ என்று பெயர் பெற்ற அந்தச் சிறு படகுக் கூட்டம், கிடைத்த மிதவைத் தடுப்புகளையெல்லாம் கொண்டுவந்து விரிகுடாவின் வாயில் அடுக்கடுக்காகக் கட்டி, இரவும் பகலும் காவல் இருந்து எண்ணெயைத் தள்ளிவைத்தது. பொரிப்பகங்கள் தப்பின. தாங்கள் கட்டியது, தங்கள் எதிர்கால மீன் என்ற உரிமை இல்லாவிட்டால் அப்படி ஒரு போராட்டம் நடந்திருக்காது என்று நான் நம்புகிறேன்.

விட்ட குஞ்சு எப்படித் திரும்புகிறது? மோப்பத்தால். பெருங்கடலில் திசை காண பூமியின் காந்தப்புலமும் உதவுகிறது. கரையை நெருங்கியபின், எந்த நீர் தன்னுடையது என்று சொல்வது மூக்கு. 1951இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஆர்தர் ஹாஸ்லரும் வாரன் விஸ்பியும் இதை முன்வைத்தார்கள். பிறகு ஹாஸ்லர் குழு, மார்ஃபோலின் என்ற வேதிப்பொருளின் மணத்தில் வளர்த்த கோஹோ குஞ்சுகளை மிஷிகன் ஏரியில் விட்டது. அவை வளர்ந்து முட்டையிட வரும் பருவத்தில் ஓர் ஓடையில் அதே பொருளைச் சொட்டுச் சொட்டாகக் கலந்தார்கள். மீன்கள் அந்த ஓடைக்கு வந்தன. பிங்க் குஞ்சு முட்டையிலும் மஞ்சள்கருப் பையோடும் இருந்த மாதங்களில் முகர்ந்த தண்ணீர்தான் அதன் ஊர். பொரிப்பகத்தின் வெளிவாய்க்கால் வழியாக அதே ஏரித் தண்ணீர் விரிகுடாவில் கலந்துகொண்டிருக்கும். அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு, மறுவருடம் கோடை இறுதியில், இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவான மீனாக வந்து நிற்கும். பிங்க் சால்மனுக்கு எப்போதும் இரண்டே வருட ஆயுள். அதனால் ஒற்றைப்படை வருட மீனும் இரட்டைப்படை வருட மீனும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. ஒரே விரிகுடாவில் இரண்டு தனிப் பரம்பரைகள்.

நூறு விட்டால் சில மட்டுமே திரும்பும். கோடிகளில் விடுவதால் அந்தச் சிலவே பெருங்கூட்டம். சுருக்குமடி வலைப் படகுகள் வெளியே காத்திருக்கும். பொரிப்பகத்துக்கு அருகில் ஒரு பகுதி அதற்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும். அங்கே பிடிக்கும் மீனை விற்றுப் பொரிப்பகம் தன் செலவை ஈடுகட்டிக்கொள்ளும். மீனவர்கள் தங்கள் பிடிப்பின் மதிப்பில் ஒரு சிறு விழுக்காட்டைத் தாங்களே வாக்களித்து வரியாகக் கொடுக்கிறார்கள். பொரிப்பகத்தின் வருமானம் இந்த இரண்டும்தான். மீதி மீன் மீனவர்களுக்கு. மிஞ்சி ஏணிப்படி போன்ற வாய்க்காலில் ஏறி வருபவை அடுத்த சினைக்கு.

தொலைவின் இரண்டாவது காரணம் இங்கே வருகிறது, இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. பொரிப்பக மீனைப் பிடிக்கப் போகும் வலை, காட்டு ஓடைக்குப் போகும் மீனையும் சேர்த்து வாரிவிடக் கூடாது. காட்டு மீன் குறைவாக வந்த வருடத்தில் அதைக் காப்பாற்ற வேண்டும், அதே சமயம் பொரிப்பக மீனைப் பிடிக்கவும் வேண்டும். பெரிய சால்மன் ஆறுகளிலிருந்து விலகி, தனக்கென்று ஒரு விரிகுடா இருந்தால்தான் அது முடியும். பொரிப்பக மீன்கள் காட்டு ஓடைக்குள் போய்க் கலந்துவிடாமல் இருக்கவும் அதே விலக்கம் உதவும் என்று எதிர்பார்த்தார்கள். தொலைவான பகுதியின் மீனிலிருந்து சினை கொண்டுவரக் கூடாது, அந்தந்த வட்டார மீனையே பயன்படுத்த வேண்டும் என்ற மாநில விதியும் அந்தக் கவலையில் பிறந்ததுதான்.

அந்த எதிர்பார்ப்பு முழுதாகப் பலிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். செவிக்கல் வளையங்களே அதைக் காட்டிக்கொடுத்தன. ஓடைகளில் முட்டையிட்டுச் செத்துக்கிடக்கும் மீன்களைச் சோதித்தபோது, வழிதவறிய பொரிப்பக மீன்கள் காட்டு மீன்களோடு கலந்திருப்பது தெரிந்தது. சால்மனில் சிறு பங்கு வழிதவறுவது இயற்கை. ஆனால் கோடிகளில் சிறு பங்கு என்பது ஒரு சின்ன ஓடைக்குப் பெரிய எண்ணிக்கை. பிரின்ஸ் வில்லியம் சவுண்டில் மட்டும் ஆண்டுக்கு 60 கோடியை ஒட்டிப் பிங்க் குஞ்சுகள் விடப்படுகின்றன. 2010களில் தொடங்கிய ஒரு நீண்ட ஆய்வு, பெற்றோரையும் பிள்ளைகளையும் மரபணுவால் அடையாளம் கண்டு தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்ந்தது. ஓடையில் முட்டையிட்ட பொரிப்பக மீனுக்கு, அதே ஓடையின் காட்டு மீனைவிடக் குறைவான பிள்ளைகளே திரும்பி வருகின்றன என்று அது கண்டிருக்கிறது. வடபசிபிக்கில் பிங்க் சால்மன் பெருகிவிட்டதால் மற்ற வகை சால்மன்களுக்கும் கடற்பறவைகளுக்கும் உணவு குறைகிறது என்று வாதிடும் விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள், மறுப்பவர்களும் இருக்கிறார்கள்.

மீனவர்களின் பக்கத்தில் நின்று இதை எழுதுபவன் நான். அவர்கள் கடலை நம்பி வாழ்பவர்கள், வீழ்ந்துகிடந்த ஒரு கடலைத் தங்கள் கையால் நிமிர்த்தியவர்கள். ஆனாலும் எத்தனை குஞ்சு விடலாம் என்பதைச் சந்தை விலை மட்டுமே முடிவு செய்யக் கூடாது, ஓடைகளில் கிடக்கும் செவிக்கற்கள் சொல்வதையும் கேட்டு முடிவு செய்ய வேண்டும் என்றே நினைக்கிறேன். அந்த மரபணு ஆய்வுக்கான பணத்தில் மாநில அரசோடும் மீன் பதப்படுத்தும் நிறுவனங்களோடும் சேர்ந்து பொரிப்பகங்களும் தங்கள் பங்கைக் கொடுத்திருக்கின்றன.